வாரத்துக்கு ஒரு நாள்

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்து வீட்டின் ஜன்னலோரம் சிக்னல் கிடைக்கும் இடத்தில் மடிக்கணினியை வைத்து வேலை செய்வாள் சுதர்ஷினி. நோயாளிகளுக்கான மருந்துக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது அவள் தொழில். கொழும்பில் தர்ஷன் நடத்தும் சிறு நிறுவனம் வேலை அனுப்பும். முதல் வரைவை ஏஐயிடம் எழுதச் சொல்வாள். பிறகு மருந்தின் பெயர், அளவு, வேளை என ஒவ்வொன்றையும் மூலக் குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்துவாள். அதில் அவள் கறார்.

மூட்டு வாத மாத்திரை பற்றிய பிரசுரத்தையும் அப்படித்தான் செய்தாள். அதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே விழுங்க வேண்டும். தினமும் விழுங்கினால் உடம்பில் இரத்தம் ஊறுவதே நின்றுபோகும். அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டு அனுப்பினாள்.

மறுநாள் தர்ஷன் அழைத்தான். "பிரசுரம் கேட்ட தொண்டு நிறுவனத்துக்கு ரொம்ப நீளமா இருக்காம். ஒரே பக்கத்துல, லேசான தமிழ்ல கேக்குறாங்க. மத்தியானத்துக்குள்ள தர முடியுமா?"

திருத்திய பிரதியையே ஏஐயிடம் கொடுத்துச் சுருக்கச் சொன்னாள். வந்தது வாசிக்க நன்றாக இருந்தது. ஏற்கெனவே பார்த்ததுதானே என்று மேலோட்டமாகக் கண்ணை ஓட்டிவிட்டு அனுப்பினாள். அந்தத் தொண்டு நிறுவனத்தின் கிளினிக்குகள் வழியாக அது தோட்டங்களுக்குப் போனது.

சில வாரம் கழித்துக் கீழ் லயத்து வீரய்யா வந்தார்.

"சுதா புள்ள, அத்தைய கொஞ்சம் வந்து பாரேன். வாயெல்லாம் புண்ணு. கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது."

அவர் மனைவி அம்மாக்கண்ணு சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். உடம்பு கொதித்தது. கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளிகள். என்ன மருந்து என்று கேட்டதும் வீரய்யா அந்தப் பிரசுரத்தை எடுத்து நீட்டினார். 'தினமும் ஒரு முறை' என்று தடித்த எழுத்தில் இருந்தது.

"மாத்திரப் பையில சிங்களத்துல என்னமோ எழுதியிருந்துச்சு. இது தமிழ்ல இருந்ததால இதும்படியே குடுத்தேன். ரெண்டு மாசத்து மாத்திர, சீக்கிரமா தீந்துபோச்சேன்னுதான் நெனச்சேன்."

சுதர்ஷினி த்ரீவீலரை அழைத்தாள். ஆஸ்பத்திரியில், நடந்ததை அவளே டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னாள், எழுதியது தான் என்பதையும் சேர்த்து. அவர் உடனே முறிவு மருந்து ஏற்றி, அம்மாக்கண்ணுவைக் கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

வெளியே வந்து தர்ஷனுக்குப் போன் போட்டாள். "அந்தப் பிரசுரத்த இப்பவே நிறுத்தச் சொல்லுங்க."

"கொஞ்சம் பொறுங்க. அதப் பாத்துத்தான் குடிச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஒங்க பேரும் அதுல இல்லையே."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

அவன் இணைப்பைத் துண்டித்தான். அவள் தொண்டு நிறுவனத்துக்கே பேசி, சரியான பிரதியையும் தவறானதையும் அனுப்பினாள். கிளினிக் தாதிமார் அந்தத் தாளைத் திரும்ப வாங்கத் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். கொத்மலையில் தினமும் விழுங்கத் தொடங்கியிருந்த ஒருவரை நேரத்தோடு கண்டுபிடித்து நிறுத்திவிட்டார்கள்.

அம்மாக்கண்ணு பிழைக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு சுதர்ஷினி வீரய்யாவின் வாசலில் போய் நின்றாள்.

"மாமா, அந்தத் தாள எழுதினது நான்தான். மெஷின் சுருக்கிக் குடுத்துச்சு. நான் சரியா படிச்சுப் பாக்காம அனுப்பிட்டேன்."

அவர் குரலில் கோபம் இல்லை.

"படிச்சுப் பாக்கத்தானே புள்ள ஒனக்கு வேல குடுத்தாங்க?"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தர்ஷனிடமிருந்து அதன்பின் வேலை வரவில்லை. அம்மாக்கண்ணுவின் சாவு பற்றிய விசாரணைக்கு நுவரெலியாவுக்கு வரச் சொன்னார்கள். மழையில் அவள் பஸ்ஸுக்குப் போனபோது வீரய்யாவும் அங்கே நின்றிருந்தார். அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். அவர் முன்னால் உட்கார்ந்தார், அவள் பின்னால். பஸ் மாற வேண்டிய ஹட்டன் வரும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.