நாரைக் கேடயத்தை உடைத்தவன்

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அப்பாவின் சவப்பெட்டி முன் வைத்து எங்கள் குடும்பக் கேடயத்தை உடைப்பதாக முடிவாகியிருந்தது.

வம்சத்தின் கடைசி ஆண் செத்தால்தான் கேடயத்தை உடைப்பார்கள். உடைத்த துண்டுகளையும் அவனோடு சேர்த்துப் புதைத்துவிடுவார்கள். அதன்பிறகு அந்தப் பெயர் இந்தப் பூமியில் கிடையாது.

ஆனால் ராட்லின்ஸ்கி வம்சத்தின் கடைசி ஆண் அது முடிவான நேரத்தில் எங்கள் லாயத்தில் குதிரைகளுக்கு ஓட்ஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

என் தம்பி கயெத்தான்.

ஊருக்கு அவன் செத்துப்போய் இரண்டு வருஷம். ஜாருக்கு எதிரான கிளர்ச்சியில் காட்டுக்குப் போனவன், சதுப்பில் குண்டடிபட்டு மூழ்கிவிட்டான் என்று செய்தி வந்தது. தூக்குத் தண்டனைப் பட்டியலில் இருந்த அவன் பெயரைச் சிவப்பு மசியால் அடித்தார்கள். அப்பா ஒரு வாரம் சாப்பிடவில்லை. நான் கறுப்பு உடை போட்டேன். பிறகு கழற்றவே இல்லை.

அப்பா சாவதற்கு மூன்று வாரம் முன்பு சமையல்கட்டு வாசலில் ஒரு தாடிக்காரன் வந்து நின்றான். பெயர் ஒனுஃப்ரி என்றான். வேலை கேட்டான்.

"குதிரை பாக்கத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும் அம்மணி. உங்க கறுப்புப் பெட்டைக் குதிரைக்கு இடது காதைத் தொட்டா கடிக்கிற பழக்கம் உண்டுங்கிறதும் தெரியும்."

என் கையிலிருந்த பால் ஜாடி கீழே விழுந்து சிதறியது. அவன் குனிந்து ஓடுகளைப் பொறுக்கினான். "கத்தாதே அக்கா," என்றான் மெதுவாக. "கத்தினா ரெண்டு பேருக்கும் கயிறு."

அன்றிலிருந்து அவன் ஒனுஃப்ரி. குடியானவன் மாதிரி நடந்தான், மூக்கைச் சிந்தினான், என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினான். நன்றாகவே நடித்தான். பக்கவாதத்தில் படுத்திருந்த அப்பாவைத் தினமும் காலையில் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைப்பதும் அவன்தான்.

அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பா கண்ணை மூடினார். புதன்கிழமை மத்தியானம் நான் லாயத்துக்குப் போனேன்.

"சொல்லியிருக்கலாமாடா?"

"அப்பாவுக்கா? அவருக்குக் காது மந்தம் அக்கா. அவர் ரகசியம் பேசினா அடுத்த ஊர்ல பூசையே நின்னுபோகும்." சிரித்தான். உடனே முகத்தைக் குதிரையின் கழுத்தில் வைத்துக்கொண்டான்.

"நாளைக்குக் கேடயத்தை உடைக்கப்போறாங்க. அப்பாவே பல்தசார் சாமிகிட்டச் சொல்லிட்டுப் போயிருக்கார்."

"உடைக்கட்டும். உடைச்சிட்டா எவனும் தேடமாட்டான். சனிக்கிழமை விடியக்காலை ஆத்துல மரத்தெப்பம் எல்லை தாண்டிப் பிரஷ்யாவுக்குக் கிளம்புது. தெப்பக்காரன்கிட்டப் பேசிட்டேன். மூணு நாள் அக்கா. மூணே நாள் வாயை மூடிட்டிருந்தா போதும்."

"முன்னூறு வருஷம்டா அந்தக் கேடயம்."

"முன்னூறு வருஷம் ஒத்தைக்கால்ல நின்னா அந்த நாரைக்கும் வலிக்காதா? உக்காரட்டும் விடு."

எங்கள் சின்னம் அதுதான். குதிரைலாடம், அதன்மேல் ஒற்றைக்காலில் ஒரு நாரை.

அன்று சாயங்காலம் செவெரின் வந்து இறங்கினான்.

செவெரின் எங்கள் அத்தை மகன். அவனும் கிளர்ச்சியில் இருந்தவன்தான். பிடிபட்டான். கூடப் பிடிபட்டவர்கள் சைபீரியாவுக்கு நடந்தார்கள். செவெரின் மட்டும் இரண்டே மாதத்தில், முன்னைவிடக் கொஞ்சம் சதைபோட்டு வீடு திரும்பினான். எத்தனை பெயர் சொன்னான் என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவன் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். மாதாமாதம் காவல் கேப்டன் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். போகும்போது ஏதாவது ஒரு சேதி வேண்டும்.

"லாலா!" என்று என் கையை முத்தமிட்டான். "இனிமே உனக்கு நான்தான் ஆண்துணை. கேடயத்தை நானே உடைக்கிறேன். மாமாவுக்கு நான் செய்யற கடைசி மரியாதை."

"மரியாதையா?" என்றாள் மூலையிலிருந்த புல்கெரியா சித்தி. பத்து நாள் தங்கவந்து இருபது வருஷமாக எங்கள் வீட்டிலேயே இருக்கும் தூரத்து உறவு. "நீ தொட்டா எதுதான் உடையலை? தாராளமா உடை."

அவன் சிரித்தான். ஆனால் அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை.

கோயில் நிறைந்திருந்தது. வாசலருகே காவல் கேப்டன், இரண்டு சிப்பாய்கள். கூட்டம் கூட அனுமதி கேட்கப் போன சாமியிடம் அவன் சொன்னானாம்: "ஒரு பிரபு வீடு ஒழிஞ்சதுன்னு நீங்களே அறிவிக்கப்போறீங்களா? பேஷா செய்யுங்க. நானே வந்து பாக்கறேன்."

சவப்பெட்டியைத் தூக்கி வந்த வேலைக்காரர்கள் ஆறு பேரும் அதன் இரண்டு பக்கமும் நின்றார்கள். இடப்பக்கம் கடைசியாக ஒனுஃப்ரி. பெட்டியின் தலைமாட்டில் கேடயம் சாய்ந்திருந்தது. லிண்டன் மரப்பலகை; நாரையின் மேல் வெள்ளிப்பூச்சு அங்கங்கே உரிந்திருந்தது.

பல்தசார் சாமி சுவிசேஷத்தைத் திறந்தார். எல்லோரும் எழுந்தோம்.

அப்போதுதான் அது நடந்தது.

பழைய காலத்தில் சுவிசேஷம் வாசிக்கும்போது பிரபு குடும்பத்து ஆண்கள் வாளை உறையிலிருந்து பாதி உருவிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வேதத்துக்காக வெட்டவும் தயார், விழவும் தயார் என்று அர்த்தம். மற்ற வீடுகளில் அந்தப் பழக்கம் எப்போதோ போய்விட்டது. எங்கள் அப்பா விடவில்லை. கயெத்தானுக்கு நாலு வயதிலேயே ஒரு மரவாளைக் கட்டிவிட்டு, ஞாயிறு தவறாமல் உருவவைத்தார். கிளர்ச்சிக்குப்பிறகு ஜாரின் ஆட்கள் வீட்டிலிருந்த வாள்களை எல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். பழக்கத்தை எப்படி வாரிக்கொண்டு போவது?

ஒனுஃப்ரியின் இடது கை இடுப்புக்குப் போய், இல்லாத உறையைப் பிடித்தது. வலது கை இல்லாத பிடியைப் பற்றி ஒரு சாண் இழுத்தது.

ஒரே ஒரு நொடி. உடனே இரண்டு கையும் தொப்பிக்குத் திரும்பிவிட்டன.

நான் மெல்லத் திரும்பி செவெரினைப் பார்த்தேன்.

அவன் ஒனுஃப்ரியையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு லேசாகத் திறந்திருந்தது. தாடியைக் கழித்துப் பார்க்கிறான் என்று புரிந்தது.

பூசை முடிந்தது. சாமி தலையசைத்தார். செவெரின் எழுந்து சுத்தியலைக் கையில் எடுத்தான். எடுத்தவன் முகத்தைச் சுளித்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அய்யோ, நேத்து வண்டியிலிருந்து இறங்கறப்பவே பிசகிச்சு." கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "பரவாயில்லை. கை வலுவுள்ளவன் யாராவது செய்யட்டும். டேய்! அந்தத் தாடி! உன் பேர் என்ன?"

"ஒனுஃப்ரிங்க எஜமான்."

"இங்க வா. இந்தா சுத்தி. அந்தக் கேடயத்தை உடை."

புல்கெரியா சித்தி எழுந்துவிட்டாள். "குதிரைக்காரனா? செத்துக் கிடக்கிற எங்க ஹியரோனிம் கேடயத்தைக் குதிரைக்காரன் தொடுவானா? உனக்குப் பைத்தியமா?"

"உக்காருங்க சித்தி. செத்தவருக்கு இனி எல்லாக் கையும் ஒண்ணுதான்." செவெரினின் கண் தம்பியின் முகத்தைவிட்டு நகரவில்லை. வாசலில் கேப்டன் சாய்ந்திருந்த சுவரைவிட்டு நிமிர்ந்தான்.

தம்பி சுத்தியலை வாங்கினான். இரண்டடி எடுத்துவைத்தான். கேடயத்துக்கு முன் நின்றான்.

நின்றுகொண்டே இருந்தான்.

உடைக்கட்டும் என்று லாயத்தில் சிரித்தவன்தான். வேறொருவன் உடைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தயாராக வந்திருந்தான்; தன் கையால், அப்பாவின் தலைமாட்டில் செய்ய யார்தான் தயாராக வருவார்கள்? சுத்தியல் தொடைக்குப் பக்கத்தில் தொங்கியது. அவன் கழுத்து நரம்பு துடித்தது. நான் அவனுக்கு அக்கா. எட்டு வயதில் அழுகைக்கு முன்னால் அந்த நரம்பு எப்படித் துடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"என்ன ஒனுஃப்ரி?" செவெரின் மிருதுவாகக் கேட்டான். "கை வரலையா?"

ஒன்று, இரண்டு, மூன்று... இன்னும் ஐந்து எண்ணுவதற்குள் கேப்டன் உள்ளே வந்துவிடுவான்.

நான் எழுந்தேன். பெஞ்சைச் சுற்றிக்கொண்டு நேராகத் தம்பியிடம் போனேன். கையை ஓங்கி, மொத்த பலத்தையும் சேர்த்து அறைந்தேன்.

பளார்!

சத்தம் கூரைவரை போய்த் திரும்பியது.

"திருட்டு மூதேவி! காலைலேயே குடிச்சிட்டு வந்திருக்கியா? எங்கப்பா காத்துட்டிருக்கார், நீ மரம் மாதிரி முழிக்கிறே! தினமும் லாடம் அடிக்கிற கைதானே? அடிடா!"

ராட்லின்ஸ்கி வீட்டு ஆண்களைக் கன்னத்தில் அறைந்தவர்கள் எங்கள் குடும்ப வரலாற்றில் மூன்று பேர் உண்டு. மூன்று பேரின் கல்லறைகளும் எங்கே இருக்கின்றன என்று செவெரினுக்கும் தெரியும். கடைசி ஆள் அவன் அப்பாவழித் தாத்தா.

தம்பி என்னைப் பார்த்தான். கன்னத்தில் ஐந்து விரலும் சிவப்பாக எழும்பின. பிறகு மெதுவாகக் குனிந்து, குடியானவன் செய்வதுபோல என் சட்டைக் கையின் ஓரத்தை முத்தமிட்டான்.

"மன்னிச்சுக்குங்க அம்மணி."

திரும்பினான். சுத்தியலைத் தலைக்குமேல் தூக்கினான்.

முதல் அடியில் லாடம் பிளந்தது. இரண்டாவது அடியில் நாரையின் கால் முறிந்தது. மூன்றாவது அடிக்குக் கேடயம் நடுவில் இரண்டாகப் போய்விட்டது. அவன் நிறுத்தவில்லை. நாலு, ஐந்து... சாமி வந்து அவன் தோளைத் தொட்டார். "போதும் மகனே."

வாசலில் கேப்டன் கொட்டாவி விட்டான்.

துண்டுகளைப் பொறுக்கி அப்பாவின் காலடியில் வைத்ததும் தம்பிதான்.

சாவுச் சாப்பாட்டில் செவெரின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பீட்ரூட் சூப்பைத் தொடவில்லை. மணிக்கட்டு பிசகின கையாலேயே வோட்கா ஜாடியைத் தூக்கி ஊற்றிக் குடித்தான்.

"லாலா, ஒரு நிமிஷம் அவனை நான் வேற யாரோன்னு நினைச்சிட்டேன்."

"யாருன்னு?"

"விடு. அவனா இருந்தா அந்த அறையை வாங்கிட்டு நின்னிருக்கமாட்டான். உன் சட்டைக்கைக்கு முத்தம் வேற கொடுக்கறான்! நாய்ப்பிறவி." இன்னொரு கோப்பை ஊற்றினான். கோப்பை வழிந்து மேஜைத்துணி நனைந்தது. "அவனா இல்லாதது நல்லதுதான்னு வையேன். இந்த மாசம் வேற ஏதாவது சொல்லிக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் புல்கெரியா சித்தி அப்பாவின் மஞ்சள் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விசேஷ நாட்களில் மட்டும் அவர் போடுவது. பிரபுக்கள் தவிர வேறு யாரும் மஞ்சள் பூட்ஸ் போட்டு நான் பார்த்ததில்லை.

"இந்தக் கொடுமையைக் கேளு லாலா. போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி உங்கப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் காதுல கத்தறார்: 'என் மஞ்சள் பூட்ஸை ஒனுஃப்ரிக்குக் குடு. அவனுக்குச் சரியா இருக்கும்.' குதிரைக்காரன் கால் அளவு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். 'தினம் என்னைத் தூக்கிட்டுப் போறவன். எனக்குத் தெரியாதா?'ங்கறார். புத்தி பிசகிப்போச்சு பாவம். அன்னைக்கே சாமியை வரவழைச்சு, கேடயத்தை ஊர் பாக்க உடைங்கன்னார்."

நான் பூட்ஸைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

அப்பாவுக்கு மெல்லப் பேச வராது. அது அவருக்கே தெரிந்திருந்தது.

லாயத்தில் தம்பியிடம் சொன்னேன். அவன் வைக்கோலில் உட்கார்ந்துவிட்டான். கன்னத்தில் என் விரல்கள் இன்னும் நீலமாக இருந்தன.

"மூணு வாரம் அவர் காலைத் தேய்ச்சுவிட்டேன் அக்கா. கையில குதிரை நாத்தம்டா, நல்லாயிருக்குன்னார் ஒரு நாள். அவ்வளவுதான். ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்."

"நீயும் ஒரு தடவை அப்பான்னு கூப்பிட்டிருக்கலாம்."

"ஆமா."

வலது காலை பூட்ஸுக்குள் விட்டான். அளவெடுத்துத் தைத்ததுபோல இறங்கியது. குனிந்து கொஞ்சநேரம் அதையே பார்த்தான். பிறகு கழற்றி என் மடியில் வைத்தான். தெப்பத்தில் மஞ்சள் பூட்ஸோடு போகிறவனை முதல் சோதனைச்சாவடியிலேயே இறக்கிவிடுவார்கள்.

"கன்னம் வலிக்குதாடா?"

"சின்ன வயசுல இன்னும் பலமா அடிப்பே. வயசாயிடுச்சு உனக்கு."

சனிக்கிழமை விடியும்போது மரப்பட்டைச் செருப்போடு ஆற்றுப்பக்கம் நடந்து போனான். என்னால் வழியனுப்பப் போகமுடியவில்லை. எந்த வீட்டு அம்மணி குதிரைக்காரனை வழியனுப்புவாள்?

கடிதம் எழுதாதே என்று நான்தான் சொல்லியிருந்தேன். சொன்ன பேச்சைக் கேட்டான்.

இது நடந்து முப்பத்தோரு வருஷமாகிறது. நவம்பர் வந்தால் எங்கள் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ஒவ்வொரு வீடும் எழுதிக்கொடுக்க வேண்டும். ஹியரோனிம் ராட்லின்ஸ்கி, கயெத்தான் ராட்லின்ஸ்கி என்று வருஷாவருஷம் என் கையாலேயே எழுதிக்கொடுக்கிறேன். எழுதாமல் விட்டால் செவெரின் கேட்பான். அவன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான்.

சாமி பெயரை வாசிப்பார். அவருக்கு நித்திய இளைப்பாற்றி கொடுத்தருளும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

முதல் சில வருஷங்கள் அது பொய். அப்படித்தான் நம்பிச் சொன்னேன். எந்த வருஷத்திலிருந்து அந்த ஜெபம் உண்மையானது, இல்லை இன்னும் பொய்யாகவே இருக்கிறதா என்று சொல்ல யாரும் இல்லை.