மூச்சடைத்த காரும் இணைச்சீரும்

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மேளம்கூட இல்லாமல் போகலாம், இணைச்சீர் இல்லாமல் ஆகாது. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கூறைப்புடவை வைத்த மூங்கில் கூடையை இடுக்கிக்கொண்டு அவனோடு உட்கார வேண்டும். கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பெரியப்பா மகள் உட்காருவாள். என் தம்பி திருமூர்த்திக்குக் கூடப்பிறந்தவளாக நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். ஆனாலும் எங்கள் பெரியப்பா மகள் சண்முகப்ரியா, "நீ வர நேரமாச்சுன்னா நான் இருக்கறேன்க்கா, கவலைப்படாத" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதற்கென்றே ஒரு அரக்குப் பட்டு எடுத்து வைத்திருந்தாள், கள்ளி!

கல்யாணம் பெண் ஊரான கோபிசெட்டிபாளையத்தில். முந்தின நாள் சாயங்காலம் இணைச்சீர். மற்றவர்கள் காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் கிருபாசங்கருக்கு பம்ப் கம்பெனியில் ஏதோ ஆடிட்டாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் சரவணம்பட்டியில் இருந்து கிளம்பினோம். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அங்கேயே விவாகரத்து ஆகியிருக்கும்.

அன்னூர் தாண்டியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு என்ஜின் படம் எரிந்தது.

"ஏனுங் மாமா, அது என்னுங்க வெளக்கு?"

"செக் என்ஜின்" என்றார், ஏதோ சொந்தக்காரர் வந்து நிற்கிற மாதிரி சந்தோஷமாக. இந்த மனுசனுக்கு ரிப்பேர் என்றால் பாயசம். ஓரங்கட்டி, டிக்கியில் வைத்திருக்கும் சின்னக் கருவியைச் செருகி, போனில் பார்த்தார். "பி ஜீரோ ஃபோர் டூ ஜீரோ. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அம்மணி. புகையைச் சுத்தம் பண்ணி உடற டப்பா. அது செரியா வேலை செய்யலைன்னு சொல்லுது."

"சுத்தம் பண்ணாட்டிப் போகுது. வண்டி ஓடுமுங்களா?"

"வெளக்கு நின்னு எரிஞ்சா ஓட்டலாம். மின்னி மின்னி எரிஞ்சா ஓட்டக்கூடாது."

சொன்ன வாயை மூடவில்லை, புளியம்பட்டிக்கு முன்னால் ஒரு மேட்டில் வண்டி திணறியது. மிதித்தால் உறுமுகிறதே தவிர நகரமாட்டேன் என்கிறது. விளக்கும் மின்ன ஆரம்பித்துவிட்டது. எதிரே ஒரு பஞ்சர் கடை. கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டார்.

போன் அடித்தது. அம்மா. "கண்ணு, எங்க சாமி இருக்கற? அருமைக்காரர் வந்துபோட்டாரு. சண்முகப்ரியா சீலை கட்டிட்டு ரெடியா நிக்கறா."

அருமைக்காரர்தான் எங்களுக்குச் சீர் செய்து வைக்கிற பெரியவர். அவர் வந்துவிட்டால் யாருக்காகவும் நிற்கமாட்டார். பஸ் ஏறிவிடலாம் என்று ரோட்டுக்கு ஓடினேன். முகூர்த்தக் கூட்டம், வந்த பஸ்ஸெல்லாம் படியில் ஆளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்காமல் போனது. வாடகைக் காருக்குப் போன் போட்டால் எல்லாம் கல்யாண ஓட்டத்தில் இருக்கிறதாம்.

திரும்பி வந்தால் இந்த மனுசன் முட்டி போட்டு, சைலன்சர் வாயில் ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்னுங்க பண்றீங்க?"

"கன்வெர்ட்டருக்கு முன்னாடி குழாயில ஓட்டை இருந்தாலும் இதே எரர் கோடு வரும். புஸ்ஸுன்னு சத்தம் கேக்குதான்னு பாக்கறேன். ஓட்டை இல்லை. அடுத்தது சென்சார் வொயர்." எலி கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கடிக்கவில்லை. "அப்பக் கன்வெர்ட்டரேதான் போச்சு. மாத்தோணும். கோயமுத்தூருக்குக் கட்டி இழுத்துட்டுப் போயிரலாம்."

"கட்டி இழுக்கறதா? உங்களைத்தானுங்க கட்டி இழுக்கோணும்!" என்று கத்தினேன். பஞ்சர் கடைக்காரர் கையில் டயரோடு இரண்டடி பின்னால் போனார். "நீங்க பம்ப் கம்பெனியிலதானுங்க வேலை செய்யறீங்க? மோட்டார் போட்டுத் தண்ணி எடுக்கலைன்னா எங்கப்பா டெலிவரி பைப்பையா மாத்துவாரு? மொதல்ல கெணத்துக்குள்ள தண்ணி உறிஞ்சற ஃபுட்வால்வ்ல குப்பை அடைச்சிருக்குதான்னு பாப்பாரு. வெளிய போற பக்கத்தையே நோண்டறீங்களே, உள்ள போற பக்கத்தைப் பாத்தீங்களா?"

கிருபாசங்கர் என்னையே பார்த்தார். பிறகு பானட்டைத் தூக்கி, ஏர்ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைத் தட்டினார். மூடி திறந்தது.

உள்ளே மஞ்சள்! சமையலுக்குப் போடுகிற சாட்சாத் மஞ்சள் தூள். மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய ஃபில்டர் அடைபோலக் கெட்டித்துக் கிடந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்தேன். ஈரோட்டு மஞ்சளேதான்.

"காத்தே போகலை அம்மணி! பெட்ரோல் எரியாம அப்படியே கன்வெர்ட்டருக்குப் போயி அங்க வெந்துட்டு இருந்திருக்குது. டப்பா என்ன பண்ணும், பாவம்!" என்று அவர் குதித்தார். கோவம் போய் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய கண்டுபிடிப்பு செய்தவர்கள் மாதிரி நடுரோட்டில் கையைத் தட்டிக்கொண்டோம்.

காரில் மஞ்சள் எப்படி வந்தது என்று யோசிக்க நேரமில்லை. பஞ்சர் கடைக்காரர் காற்று ஹோஸை நீட்டினார். அவசரத்தில் ஃபில்டரை நானே பிடுங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். "அம்மணி, திருப்பிப் புடீங்க" என்று அவர் சொல்வதற்குள் புஸ்ஸென்று அடித்த அடியில் தலை, மூஞ்சி, ஜாக்கெட், மாம்பழப் பட்டு எல்லாம் ஒரே நிறம். தும்மினேன் தும்மினேன், அப்படித் தும்மினேன். ஃபில்டரை மாட்டி, போனில் அந்த எரர் கோடையும் அழித்து, ஸ்டார்ட் செய்தார். விளக்கு அணைந்தது. வண்டி கன்றுக்குட்டியாட்டம் துள்ளியது.

"ஒரு தடவை கன்வெர்ட்டரைச் செக் பண்ணிப் போடோணும்" என்றார்.

"நாளன்னைக்குப் பண்ணுங்க. இப்ப மிதிங்க!"

சத்தியமங்கலம் போனதே தெரியவில்லை. மண்டபத்துக்குள் நான் ஓடிய ஓட்டத்தில் பன்னீர் தெளிக்க நின்றவர்கள் ஒதுங்கினார்கள். மேடையில் அருமைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சண்முகப்ரியா அரக்குப் பட்டில் கூடையோடு நின்றாள். தம்பியை மட்டும் காணவில்லை.

"வயிறு கலக்குதுன்னு பாத்ரூமுக்குள்ள போனவன்தான் கண்ணு. எத்தனை கூப்பிட்டும் வரமாட்டீங்கறான்" என்று அம்மா கையைப் பிசைந்தாள்.

நான் போய்க் கதவைத் தட்டினேன். "டேய், நான்தான்டா."

தாழ்ப்பாள் உடனே திறந்தது. "அப்பாடா! நீ வாராம நான் எப்படிக்கா போயி ஒக்காருவேன்? அதான் உள்ளயே நின்னுட்டேன்" என்றவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது. "அய்யோ அக்கா... ஏர்ஃபில்டரா?"

ஃபில்டர் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! காதைப் பிடித்துத் திருகினேன். உண்மையைக் கக்கிவிட்டான். ஒரு மாதமாகப் பத்திரிகை வைக்கப் போகிறேன் என்று எங்கள் காரை வாங்கிக்கொண்டு, கல்யாணப் பெண் நேஹா வீட்டு மஞ்சள் களத்துக்குப் போயிருக்கிறான். அவள் களத்து ஆபீஸ் ஜன்னலில், இவன் வெளியே காரில். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே போனில் பேச்சு. வெயிலுக்கு ஏசி போட்டு, என்ஜினை அணைக்காமல், தூள் பறக்க மஞ்சள் பாலீஷ் போடும் டிரம்முக்குப் பக்கத்திலேயே!

காதை விடாமல் அவனை மேடைக்கு இழுத்து வந்தேன். பின்னாலேயே வந்த யாரோ கனைத்தார்கள். பெண்ணின் அப்பா. "ஏனுங், அந்த வெள்ளைக் காரு உங்களதுங்களா? கண்ணாடியே எறக்கலீங்க. மஞ்சள் வாங்க வந்த ஏதோ பெரிய ஏவாரின்னு நெனச்சு தெனமும் ஆளுகிட்ட மோர் குடுத்து உட்டனுங்க!"

"நல்ல மோருங்க மாமா" என்றான் இவன். மண்டபமே சிரித்தது. அருமைக்காரருக்கே மீசை துடித்தது.

சண்முகப்ரியா கூடையை என் இடுப்பில் வைத்தாள். "நீயே ஒக்காருக்கா. உன்ற பக்கத்துல நின்னா என்ற பட்டும் மஞ்சளாயிரும்" என்றாள். ஆனால் என் கன்னத்தைத் துடைத்தும் விட்டாள், கழுதை.

"மொகத்தைக் கழுவிட்டு வா அம்மணி" என்றார் அருமைக்காரர்.

தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "வேண்டாமுங்கய்யா. மஞ்சள்தானுங்களே, இப்படியே இருக்கட்டும்."

அப்படியே உட்கார்ந்தேன். எனக்கு அழுகையும் தும்மலும் சேர்ந்து வந்தது. நாளை அவன் இன்னொரு வீட்டு மாப்பிள்ளை.

"அக்கா, இனிமேல் சத்தியமா உன்ற காரைக் கேக்கமாட்டேன்" என்று காதோரம் முனகினான்.

"கேக்காம இருந்து பாரு, தோலை உரிச்சுப்போடுவேன்" என்றேன்.