பாண்டியம்மாளின் ரவிக்கை

ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்த முத்திருளனுக்கு முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. டாக்டர் ஒரு திருகைத் திருப்பினார். வெளிச்சம் தெளிந்து, இளஞ்சிவப்பாய் ஒரு வயல் விரிந்தது. காற்றுக்குச் சாய்ந்த நாற்றுகள்போல மெல்லிய இழைகள், அலை அலையாய்.

"போன வாரம் உன் முதுகுக் கட்டியிலேருந்து அரிசியளவு நறுக்கினேனே, அதுதான். பெருவியாதி, அதான் குஷ்டம்னா கிருமி குச்சி குச்சியாத் தெரியும். அதுக்குன்னு சாயம் போட்டும் தேடியாச்சு. ஒண்ணுகூட இல்லை."

முத்திருளன் தலையை எடுக்கவில்லை. நம்பப் பயமாக இருந்தது. உடம்பெங்கும் பட்டாணி பட்டாணியாய்க் கட்டிகள் கிளம்பியதும் ஊர் அவனை மாட்டுக்கொட்டத்துக்குத் தள்ளியிருந்தது. அவன் உண்டு மிச்சம் வைத்த வட்டிலில் மனைவி ஜெயக்கொடி சாப்பிடுவது கல்யாணமான நாள்முதல் வழக்கம். இப்போது இலையில் சோற்றை வைத்துவிட்டு எட்ட நிற்கிறாள்; இலை எருக்குழிக்குப் போகிறது. பெருவியாதி என்று இங்கேயும் சொல்லிவிட்டால் அந்தக் கொட்டம்கூட இல்லை.

"அப்ப இது என்னங்கய்யா?"

"நரம்புல வளர்ற கட்டி. யாருக்கும் ஒட்டாது. பரம்பரையா வரும். உங்க வீட்ல யாருக்காச்சும் இருக்கா?"

"யாருக்குமில்லீங்க."

கதவோரம் நின்ற அவன் தாய் பாண்டியம்மாள் இருமினாள். அவள் வயதுக்காரிகள் யாரும் ரவிக்கை போடாத ஊரில் அவள் மட்டும் முழங்கை மறையப் போட்டிருப்பாள். "பட்டணத்துக்காரி வாரா, வழிவிடுங்கடி" என்பார்கள் கிணற்றடியில். மகனும் சேர்ந்து சிரித்திருக்கிறான்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். தோள்வரை கட்டிகள், நடுவே பழுப்புத் தேமல்.

"ஏன் ஆத்தா சொல்லல?"

"சொல்லிருந்தா ஒங்கய்யா என்னையக் கட்டிருப்பாரா? பெருவியாதின்னுதான்டா நானும் மூடிக்கிட்டுக் கெடந்தேன். நாந்தான் ஒனக்கு ஒட்டவச்சேன்னு..." முடிக்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பிள்ளைங்களுக்கும் வரலாம்மா. வருசம் ஒருதரம் காட்டுங்க," என்றார் டாக்டர்.

பொழுது சாய வீடு வந்தபோது ஜெயக்கொடி வாசலை மறித்தாள்.

"டாக்டரு நல்லாப் பாத்தாரா?"

"நானே பாத்தேன்."

"என்னத்தப் பாத்த?"

"நாத்து."

"கிறுக்கும் சேந்து புடிச்சிருச்சா?" என்றவள், பின்னால் வந்த மாமியாரின் ரவிக்கை சுருட்டிய கையைப் பார்த்தாள். "வழிவழியா வாரதாம். யாருக்கும் ஒட்டாதாம்," என்றாள் பாண்டியம்மாள்.

பிறகு பரணிலிருந்து வட்டில் இறங்கியது. அவன் உண்டு, ஒரு பிடி மிச்சம் வைத்து எழுந்தான். ஜெயக்கொடி மகளை மடியில் கிடத்தி உட்கார்ந்தாள். பிள்ளையின் தொடையிலும் இருந்த அதே பழுப்புத் தேமலை இடக்கையால் மெல்லத் தடவிக்கொண்டே, வலக்கையை வட்டிலுக்குள் நீட்டினாள்.