மிளகாய் டாக்டரின் புன்னகை

மிளகாய் டாக்டர் என்பது நோயாளிகள் வைத்த பேர். அந்த அம்மாள் யாரையும் திட்டாமல் மருந்து எழுதிக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் முணுமுணுத்துக்கொண்டே போய், மாத்திரையை ஒழுங்காக விழுங்கி, குணமாகித் தொலைத்தார்கள்.

பிறகு ஆஸ்பத்திரியை ஒரு கம்பெனி வாங்கியது. அதுவரை சோப்பு விற்றுக்கொண்டிருந்தவர் மேனேஜராக வந்தார். இனிமேல் நோயாளி என்று யாரும் கிடையாது, எல்லாரும் வாடிக்கையாளர்கள்தான், சிரித்த முகமாகப் பேச வேண்டும், இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டார். மகள் படிப்பு முடியாத நேரம். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பல்லையே காட்டவும் பழகினாள்.

ஒருநாள் ஒரு லாரி டிரைவர் நெஞ்சு பாரமாக இருக்கிறதென்று மனைவியோடு வந்தார். ஈ.சி.ஜி.யைப் பார்த்ததுமே ஹார்ட் அட்டாக் என்று டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பழகிப்போன உதடு தானாக விரிந்துவிட்டது.

"இதயத்துல சின்னதா ஒரு சிக்கல் தெரியுதுங்க. இன்னிக்கே அட்மிட் ஆனீங்கன்னா எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்."

டிரைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு சிரிக்கிறவர் சொல்வது பெரிய வியாதியாகவா இருக்கப்போகிறது? லோடு இறக்கிவிட்டு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிக் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அடுத்தவரைக் கூப்பிடப் போனபோதுதான் டாக்டருக்கு உறைத்தது. ஒரு மனுஷனைச் சிரித்தே சாகடிக்கப் பார்த்திருக்கிறாள். விழுந்தடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். டிரைவர் லாரிப் படியில் கால் வைத்திருந்தார்.

"யோவ், இறங்குய்யா கீழ. ஹார்ட் அட்டாக்க நெஞ்சுல வச்சுக்கிட்டு லாரி ஓட்டப் போறியா? நீ போறது பத்தாதுன்னு ரோட்டுல போறவனையும் கூட்டிட்டுப் போவியா?"

டிரைவர் முகம் வெளுத்தது. மனைவி சாவியைப் பிடுங்கிக்கொண்டு, இதை உள்ளேயே இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாள். டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாகவும் இருந்தது.

டிரைவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். சீட்டு கிழிந்துவிட்டது என்று டாக்டர் மேஜையைக் காலி செய்துவிட்டே போனாள். மேனேஜரோ எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போட்டார். வாசலில் வேடிக்கை பார்த்தவர்கள், காட்டினால் அந்த டாக்டரிடம்தான் காட்டுவோம் என்று அடம்பிடிக்கிறார்களாம்.

"தாராளமா திட்டுங்க மேடம்," என்றார். "ஆனா அதை ஸ்பெஷல் கன்சல்டேஷன்ல போட்டிருக்கேன். சாதா ஃபீஸ் கட்டினவங்களுக்குச் சிரிப்பு மட்டும்தான்."