தலைக்கவசத்தின் இடது காது

ஐம்பத்து மூன்று மணி நேரம் இருந்தது. வியாழக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தலைக்கவசத்தின் இடது பக்கம் உள்ளே இழுத்துக்கொண்டு கரைவதைப் பத்மாவதி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அது பினாங்கு ரோட்டுத் தியேட்டரின் மேசைமேல் இருந்தாக வேண்டும்.

பசைதான் காரணம். வெள்ளைப் பசை வாங்கிவரச் சொன்னதற்கு அண்ணன் கதிர்காமநாதன் செருப்புக் கடைப் பசையை வாங்கி, அவள் பசை வைக்கும் பால் டின்னிலேயே ஊற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். அவளும் முகர்ந்து பார்க்காமல் தூரிகையால் தடவிவிட்டாள். தலைக்கவசத்தைச் செதுக்கியிருந்த வெள்ளைத் தெர்மோகோல் நுரையை அந்தப் பசை தின்னும் என்பது ரசாயனத்தில் பட்டம் வாங்கியவளுக்குத் தெரியாததில்லை. தெரிந்தவள்தான் தடவினாள். தேநீர் வடிகட்டியால் செய்திருந்த இடது காது கரைந்த குழிக்குள் விழுந்து கிடந்தது.

போட்டி இதுதான். நீரில் மூழ்கிய ஒரு கோளைப் பற்றிய ஆங்கிலப் படத்தின் இரண்டாம் பாகம் வரப்போகிறது. முதல் பாகத்தில் நாயகன் போட்டிருந்த தலைக்கவசத்தை அச்சு அசலாகச் செய்துவர வேண்டும். கடையில் விற்கும் ஆயத்தப் பாகம் கூடாது, வீட்டில் கிடப்பதைக் கொண்டு செய்யலாம். ஜெயித்தவருக்குக் கோலாலம்பூரில், தியேட்டர்களுக்கு மாதிரிகள் செய்யும் பட்டறையில் ஆறு மாத வேலை.

எண்பத்தாறாம் வருஷம் அது. பட்டதாரிகளுக்கே வேலை இல்லாத காலம். பத்மாவதி மூன்று நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்திருந்தாள். மூன்றிலும் பெயரைச் சொன்னாள். அதற்குமேல் பேச்சு நின்றுபோனது. அதனால்தான் போட்டிப் படிவத்தில் அண்ணன் பெயரை எழுதினாள். வேலையும் அண்ணன் அறையில்தான் நடந்தது. அவள் எடுபிடி என்றுதான் அம்மா யோகம்மா நினைத்திருந்தாள்.

"மேசைக்குப் பக்கத்துல நான் நிக்கிறேன், அதுல ஒண்ணுமில்ல. ஜெயிச்சுட்டா கோலாலம்பூருக்கு யாரு லா போறது?" என்று கதிர் கேட்டிருந்தான்.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அப்புறம் என்ன செய்வாள் என்று அவளுக்கும் தெரியாது.

கரைந்த பகுதியை வெட்டி எறிந்தாள். மிச்ச நுரைக்கு வெள்ளைக் கோலமாவைக் குழைத்து ஒரு பூச்சுப் பூசி, அதன்மேல் செய்தித்தாளை மைதா பசையில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டினாள். ஒவ்வோர் அடுக்கும் மின்விசிறிக் காற்றில் காய இரண்டரை மணி நேரம். பன்னிரண்டு அடுக்குக்கு நேரம் இல்லை. எட்டுதான். கணக்குப் போட்டு, எட்டு என்று சுவரில் பென்சிலால் எழுதினாள்.

இடையில், படத்தில் அந்தக் காதை மறுபடி பார்க்கச் சூலியா தெருவுக்கு ஓடினாள். வீடியோ கடைக்காரி ஹாஜரா கேசட்டை எடுத்துக் கொடுக்கும்போது முறைத்தாள்.

"ஒன்பதாவது தடவை எடுக்கிறே, புள்ள. ஒரே இடத்துல நிறுத்தி நிறுத்திப் பாத்து அந்த இடத்துல கோடு விழுந்துபோச்சு. மத்தவங்கள்லாம் என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க."

கோடு விழுந்த அந்த இடத்தில்தான் நாயகன் இடப்பக்கம் திரும்புவான். வீட்டுக்கு வந்து பத்மாவதி அங்கே படத்தை நிறுத்தி, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்தாள். வட்டத் தகடு. அதில் வளையம் வளையமாக ஊசித் துளைகள். எட்டு தடவை பார்த்தும் வடிகட்டி என்றே நினைத்திருந்தாள். இல்லை. இதைவிடக் கனமானது, ஓரம் தடித்தது. எங்கேயோ பார்த்த பொருள். எங்கே என்று யோசித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

அம்மாவின் இடியப்ப உரல். யாழ்ப்பாணத்திலிருந்து கூடவே வந்த பித்தளை உரல், அடியில் கழற்றி மாட்டும் தட்டு.

வெள்ளிக்கிழமை காலை அம்மா கோயிலுக்குப் போனதும் தட்டைக் கழற்றினாள். தேய்த்தாள், குழியில் பதித்தாள், சுற்றிலும் காகிதக் கூழை அடைத்தாள். மோட்டார் சைக்கிள் விளக்கின் வளையம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கூழ் இறுகியபிறகு கறுப்பு அடித்தாள். மேலே பஞ்சால் வெள்ளிச் சாயம் ஒற்றினாள். தள்ளி நின்று பார்த்தபோது முதல் தடவையாக அது நுரையாகவும் காகிதமாகவும் தெரியவில்லை. இரும்பாகத் தெரிந்தது.

மாலையில் அம்மா மாவைப் பிசைந்துவிட்டு உரலை எடுத்தாள். தட்டு இல்லை. தாம்பாளம், அலமாரி, அரிசி டின்னின் பின்புறம் எல்லாம் தேடினாள். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டாள்.

"போன ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டு ரொஸ்னா, அவங்க புட்டு மாயம்னு சொல்ற இடியப்பம் செய்ய உரலை வாங்கிட்டுப் போனாள்ல. கழுவுறப்போ தட்டைக் கழட்டி வச்சிக்கிட்டா. போகட்டும், நான் கேக்கமாட்டேன்."

கேட்காமல் இருப்பதுதான் அம்மாவின் கோபம். அன்று அந்த மாவு ரொட்டியாயிற்று. பத்மாவதி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது சொன்னால் அம்மா நேரே அறைக்குப் போய்த் தட்டைப் பெயர்த்து எடுத்துவிடுவாள். மறுபடி கட்டப் பொழுது இல்லை. நாளை சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வெள்ளை நுரையே ரொஸ்னா கொடுத்ததுதான். பாயான் லெப்பாஸில் தான் வேலை செய்யும் தொழிற்சாலை வாசலில் எறிந்து கிடந்ததை மூன்று நாள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து தந்தாள்.

சனிக்கிழமை காலை அம்மா ஒரு பீங்கான் தட்டைக் கழுவித் துடைத்துப் பத்மாவதியின் கையில் கொடுத்தாள். ரொஸ்னா குவே பலகாரம் வைத்து அனுப்பிய தட்டு. தங்கள் வீட்டிலிருந்து எந்தத் தட்டும் வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போகும்.

"இதுல ஒண்ணும் வைக்கலியாம்மா?"

"கொண்டுபோய்க் குடு."

ரொஸ்னா கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள், பத்மாவதியைப் பார்த்தாள், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டாள். பத்மாவதி தலையை அசைத்தாள். அது ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது. திரும்பிப் போய்க் கழுத்துப் பட்டைக்குச் சிலிப்பர் ரப்பரை வெட்டத் தொடங்கினாள். கத்தி நேராகத்தான் போயிற்று.

ஐந்து மணிக்குத் தியேட்டர் கூடத்தில் பதினொரு தலைக்கவசங்கள் வரிசையாக இருந்தன. பட்டறையை நடத்தும் ஷரீஃபா கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். கை நகமெல்லாம் சாயக்கறை. ஒவ்வொன்றையும் தூக்கி உள்ளே பார்த்தாள். இரண்டை ஒதுக்கி வைத்தாள். இவை பக்கத்தில் நிற்பவர்கள் செய்தவை அல்ல, விலைக்கு வாங்கியவை என்று அமைதியாகச் சொன்னாள். பிறகு, கதிர் பக்கத்தில் நின்றிருந்த ஏழாவதன் முன் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள்.

மகன் செய்ததைப் பார்க்க அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பத்மாவதி தூணுக்குப் பின்னால் நின்றாள்.

இந்தக் காது படத்தில் இருப்பதேதான், வேறு யாரும் இதைச் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை, எப்படிச் செய்தாய் என்று ஷரீஃபா மலாயில் கேட்டாள். கதிர், துளை போட்டேன் என்றான். எதால் என்றாள். ஆணியால் என்றான். அவள் விரலால் தட்டின் ஓரத்தைத் தடவினாள். சாயத்துக்கு அடியில் வெட்டெழுத்து தட்டுப்பட்டது.

"இது என்ன?"

கதிர் குனிந்து பார்த்தான். "அந்தக் கோளில் அப்படித்தான் எழுதுவார்கள்" என்றான்.

கூடம் சிரித்தது. ஷரீஃபா சிரிக்கவில்லை. இதையும் ஒதுக்கி வைக்க, கதிர்காமநாதன் என்று எழுதிய அட்டையை எடுக்கக் கையை நீட்டினாள்.

அதற்குள் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்துவிட்டாள். கல்யாணத்துக்குக் கொடுத்த பாத்திரம் ஒவ்வொன்றிலும் அவள் அப்பா வெட்டுவித்த அவளுடைய முதலெழுத்து, பொ. யோ. முதலில் மகனைப் பார்த்தாள். வீட்டில் கரண்டி எங்கே இருக்கும் என்று தெரியாத பிள்ளை அவன். அப்புறம் மெதுவாகத் தூண் பக்கம் திரும்பினாள்.

பத்மாவதி தூணை விட்டு நகர்ந்தாள். மேசைக்கு வந்து அட்டையின்மேல் கையை வைத்தாள். அது சமையலறைப் பித்தளைத் தட்டு, பின்னால் எட்டு அடுக்குக் காகிதம், வியாழக்கிழமை பசை நுரையைத் தின்றுவிட்டது என்று ஷரீஃபாவிடம் மலாயில் சொன்னாள். மூன்று நேர்முகத் தேர்விலும் நின்றுபோன பேச்சு இந்தத் தடவை நிற்கவில்லை.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று ஷரீஃபா கேட்டாள்.

பத்மாவதி அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ரொஸ்னா அக்கா எடுக்கலம்மா. நான்தான் எடுத்தேன். இதைச் செஞ்சதும் நான்தான்."