எச்சில் காம்பு

சனாவுல்லா புகைக்கிற பைப்பின் காம்பைப் பிடித்துத் திருகியபோது கோழிக் கழுத்தை முறித்தாற்போல ஒரு சத்தம் வந்தது. புகையிலைத் தரகர் பொன்னுத்துரை சிரித்தார். நேற்றுத்தான் சிறுமலைத் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய துரையிடமிருந்து, வெல்வெட் பெட்டியோடு விலை பேசி வாங்கிய பைப்பு. நயா பைசா வந்த அந்த வருஷம் திண்டுக்கல் புகையிலைக்காரர்களுக்கு இது ஒரு பித்தாகவே பிடித்திருந்தது. துரை பைப்பு வேண்டும்; துரை எச்சில் வேண்டாம். அதனால் எந்தப் பைப்பு வந்தாலும் முதலில் சனாவுல்லாவின் பேகம்பூர் கடைசல் பட்டறைக்குத்தான் போகும். துரை கடித்த கறுப்பு ரப்பர் காம்பு கழன்று, எருமைக் கொம்பில் கடைந்த புதுக் காம்பு ஏறும். பைப்பு சேர்க்கிற மெட்ராஸ்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, காம்பு போனால் பாதி விலை போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டார். போன விலையை நாளைக்குச் சம்பாதித்துக்கொள்ளலாம், வாய் தீட்டுப்பட்டால் எந்தக் கடையில் போய் வாங்குவது?

"நீளம் எம்புட்டு வேணும்ணே? அந்த டப்பாவுல பழைய காம்பு கெடக்கு. கைக்குத் தோதா ஒண்ணு எடுத்துக் குடுங்க, அதே அளவுல கடைஞ்சிர்றேன்" என்றார் சனாவுல்லா.

கழற்றிய காம்புகளை அவர் எறிவதில்லை. அறுத்துக் குடைப்பிடிக்குப் பூண் போட்டுவிடுவார். பொன்னுத்துரை டப்பாவைக் கவிழ்த்தார். முப்பது நாற்பது துரைமார்களின் பல் தடம் கோணிமேல் உருண்டது. அதில் ஒன்றை எடுத்தவர் கை அப்படியே நின்றது.

மேலே ஒரு பள்ளம், கீழே ஒரு பள்ளம். அரத்தால் ராவியவை. மேல் பள்ளம் இடது பக்கமாகக் கோணியிருந்தது. அண்ணன் வேலுசாமிக்கு இடது கோரைப்பல் பாதி உடைந்தது. புகையிலைப் பேரத்தில் வலது கை துண்டுக்கு அடியில் எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசும். இடது கை இலையைக் கசக்கிப் பதம் பார்க்கும். பைப்பைப் பல்தான் பிடித்தாக வேண்டும். அதற்காக உடைந்த பல்லின் அளவுக்கே தன் கையால் ராவிக்கொண்டவர். காம்பை மாற்று என்று தம்பி எத்தனையோ முறை சொல்லியும் கேட்கவில்லை. "அவன் எச்சி காஞ்சு போச்சுடா, இப்ப இருக்கிறது என் எச்சி" என்பார்.

அந்த வேலுசாமியைத்தான் எட்டு மாதத்துக்கு முன் தாடிக்கொம்பு சாலையோரக் கிணற்றிலிருந்து பின்மண்டை பிளந்து தூக்கினார்கள். தவறி விழுந்தார் என்று கதை முடிந்தது. பைப்பு மட்டும் கிடைக்கவேயில்லை.

"பாய், இதை யாரு கொண்டாந்தது?"

"கருப்பணன் அண்ணந்தேன். தை மாசம். 'எவன் வாயில கெடந்ததோ பாய், மொதல்ல காம்பை மாத்து'ன்னாரு. ஏண்ணே, அது வேணுமா?"

கருப்பணன், வேலுசாமியின் கூட்டு வியாபாரி. பாடையின் முன்காலைத் தோளில் சுமந்தவன். அடையாளம் மறையக் கருஞ்சாயம் ஏற்றிய பைப்பைக் கடித்துக்கொண்டு இந்த எட்டு மாதமும் பொன்னுத்துரைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான். கொல்லக் கூசாத ஆளுக்கு எச்சில் கூசியிருக்கிறது.

பொன்னுத்துரை காம்பை மடியில் செருகிக்கொண்டு வேடசந்தூர் பஸ்ஸில் ஏறினார். புதுப் பைப்பைக் கேட்கக்கூட மறந்துபோனார்.

அங்கே சரக்கு அடுக்கும் கிட்டங்கியில், புகையிலை விளைவித்துக் கொண்டுவந்த பேச்சாயி தன் மூன்று சிப்பம் புகையிலைமேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் சரக்குக்குத் தரகர் பொன்னுத்துரை. வாங்க வந்திருந்தவன் கருப்பணன்.

"செத்த நேரத்துல வாரேன்னு போனீக. பொழுது உச்சிக்கு வந்திருச்சு."

"இந்தா முடிச்சிருவோம் ஆத்தா."

கருப்பணன் பைப்பைப் பல்லுக்கு மாற்றிக்கொண்டு கையை நீட்டினான். "வா மாப்ளே, பாத்துக் கேளு. போன தடவ மாதிரி கழுத்தறுக்காத."

பொன்னுத்துரை துண்டை இருவர் கையின்மேலும் போட்டார். அதற்கு அடியில், விரலுக்குப் பதிலாகக் காம்பை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். கருப்பணனின் விரல்கள் குருடன் போலத் தடவின. மேல் பள்ளம். கீழ்ப் பள்ளம். அவன் வாயிலிருந்த பைப்பு நழுவித் தரையில் விழுந்து நெருப்பைக் கக்கியது.

"வெலையச் சொல்லு" என்றார் பொன்னுத்துரை.

"மாப்ளே..."

"எங்க கெடைச்சுச்சு?" சுண்டுவிரலைப் பின்னுக்கு மடக்கினார். துண்டுக்குள் அது சுள்ளியாய் ஒடிந்தது.

கருப்பணன் ஊளையிட்டான். சுற்றி நின்ற வியாபாரிகள் சிரித்தார்கள். "பேரம் சூடு புடிச்சிருச்சுடோய்! பொன்னுத்துரை, ஆளை உசுரோட விடப்பா!"

அடுத்த விரல். "சொல்லு."

"கெணத்துல மெதந்துச்சு மாப்ளே" என்று தேம்பினான் கருப்பணன். "நல்ல சாமான்... விட மனசு வரல."

கூட்டு வியாபாரத்தில் என்ன தகராறு, எதனால் அடித்தான், செத்த பிறகுதான் தள்ளினானா, எல்லாமே கேட்க வேண்டியவை. கேள்விக்குப் பதிலாகப் பொன்னுத்துரை மூன்றாவது விரலை ஒடித்தார். அதற்குள் கருப்பணனின் இடது கை, சிப்பம் புரட்டும் இரும்புக் கொக்கியை எட்டிவிட்டது. அது பொன்னுத்துரையின் தோளில் இறங்கி எலும்பில் மாட்டி நின்றது. அவன் இழுத்தான். இவர் விடவில்லை. இருவரும் கட்டிப் புரண்டு சிப்பங்களுக்கிடையே சாய்ந்தார்கள். கொக்கி மறுபடி ஏறியது. பொன்னுத்துரை அவன் தலைமுடியைப் பிடித்துத் தராசுக் கல்லில் மோதினார், ஒருதரம், இன்னொருதரம். சிரித்தவர்கள் வாசல் வரைக்கும் பின்வாங்கிப்போய் நின்றார்கள். பக்கத்தில் போக ஒருவனும் இல்லை.

துண்டு சிவந்தது. ரத்தம் தரைச் சரிவு பார்த்து, அவசரமில்லாமல் ஊர்ந்து போனது.

பேச்சாயி மட்டும் எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். சுவரில் ஒரு காலை உந்திக்கொண்டு, முதல் சிப்பத்தின் கயிற்றைப் பிடித்து, ரத்தம் வந்து தொடுவதற்குள், மூச்சிரைக்க வாசலை நோக்கி இழுக்கத் தொடங்கினாள்.