இந்த இணைப்பு சரிதானா?

பீட்டா என்றால் என்ன என்று என் மனைவி தேவி ஒருமுறை கேட்டாள். முழுசாக முடிக்காத மென்பொருளை முன்கூட்டியே நாலு பேருக்குக் கொடுத்து, குறை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பது என்று விளக்கினேன்.

"வேகாத சோத்த எலயில போட்டுட்டு, வெந்துச்சா பாருன்னு கேக்கறானா? அதயும் நீங்க சும்மா துன்னு பாத்து சொல்றீங்களா?" என்றாள்.

இரண்டுக்கும் ஆமாம்தான் பதில். அதனால் மௌஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வில்லியனூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்தில் என் கடை. பெயர் யாமினி கிராபிக்ஸ். யாமினி என் மகள். கடைக்குப் பெயர் வைத்தபோது அவளுக்கு இரண்டு வயது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள், போர்டிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்கிறாள். வீட்டு வயரிங் படம், பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்ட் சார்ட், சங்கங்களின் பொறுப்பாளர் வரிசை, வம்சாவளி என்று பெட்டியும் கோடும் போட வேண்டிய எதுவானாலும் என்னிடம்தான் வரும். இதையெல்லாம் லைன்பாக்ஸ் என்ற மென்பொருளில் வரைகிறேன். பின்லாந்தில் யோஹான் என்ற ஆள் தனியாக உட்கார்ந்து அதை எழுதுகிறான். அவனுடைய பீட்டா எது வந்தாலும் முதல் நாளே இறக்கிவிடுவேன். அதில் வரும் ஆங்கில வாசகங்களைத் தமிழாக்கிக் கொடுப்பதும் நான்தான். மென்பொருளின் உள்ளே ஒரு மூலையில் 'தமிழாக்கம்: அன்புராஜ், வில்லியனூர்' என்று போட்டிருக்கிறான். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, லேமினேட் செய்து, கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அதை லைசென்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

சனியன் எலக்ட்ரீஷியன் மரியதாஸ் உருவத்தில் வந்தது. ஒரு மண்டபத்துக்கு அவன் கேட்ட ஃபேன் வயரிங் படத்தை பீட்டா எட்டில் போட்டுக் கொடுத்தேன். அதில் 'தானாக வரிசைப்படுத்து' என்று புதிதாக ஒரு வசதி வந்திருந்தது. பதினாறு ஃபேனையும் அது மேற்குச் சுவரை ஒட்டி ஒரே வரிசையில் அடுக்கிவிட்டது. மரியதாஸும் படத்தை மதிக்கிற ஆள். ஐந்து ஃபேன் மாட்டிய பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. அன்றைக்கே தேவி என்னைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, கடைக் கம்ப்யூட்டரில் இனி பீட்டா ஏற்றுவதில்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அடுத்த தடவை இப்படி ஆனால் கடையைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்வதாகவும் சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

அந்தச் சத்தியம் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை.

ஒன்பதாம் நாள் திருக்கனூர் உரக்கடை முதலாளி தெய்வநாயகம் தன் மனைவி வசந்தாவோடு வந்தார். வருகிற வெள்ளிக்கிழமை அவருக்கு அறுபதாம் கல்யாணம். மேடைக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடியில் குடும்பத்தின் வம்சாவளி ஃப்ளெக்ஸ் நிற்க வேண்டும் என்றார். அறுபத்து நான்கு பேர். ஒவ்வொரு பெட்டியிலும் பெயர், பிறந்த வருஷம், படிப்பு. படிப்பைக் கட்டாயம் போட வேண்டும் என்றார். மகள் டாக்டர், மகன் கனடாவில் எம்.எஸ். பிறகு எப்படிப் போடாமல் இருப்பது?

விவரம் முழுவதையும் சொன்னது வசந்தாதான். கையில் சீட்டு எதுவும் இல்லை. இரண்டு வயதில் செத்துப்போன ஒரு பிள்ளையின் பிறந்த வருஷத்தைக்கூடத் தடுமாறாமல் சொன்னார். தன் பெட்டி வந்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, ஒன்பதாவது என்றார்.

"பத்தாவதுன்னு போடுபா. டாக்டரோட அம்மா ஒம்போதாவதுன்னா நல்லாவா கீது?" என்றார் தெய்வநாயகம்.

"பரிட்ச எழுதலயே மாமா."

"யாரு வந்து மார்க் ஷீட்ட கேக்கப்போறா?"

பங்குனியில் பரீட்சை, தையில் கல்யாணம் வைத்துவிட்டார்கள் என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல்தான். நான் 'பத்தாவது' என்று தட்டினேன். வாடிக்கையாளர் சொல்வதைத் தட்டுவதுதானே என் தொழில்.

பிறகுதான் சிக்கல் வந்தது. வசந்தா தெய்வநாயகத்தின் அக்கா தையலம்மாளின் மகள். 'எங்க வூட்டுப் பொண்ண வெளிய வுடல' என்று அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன கல்யாணம் அது. ஆகவே மூன்றாம் தலைமுறையில் இருக்கும் பெட்டியிலிருந்து இரண்டாம் தலைமுறைப் பெட்டிக்கு ஒரு கல்யாணக் கோடு போக வேண்டும். போட்டேன். சேமித்தேன். கோடு காணாமல் போய்விட்டது. மறுபடி போட்டேன், மறுபடி போய்விட்டது. நாலாவது தடவை, 'சுழல் இணைப்பு நீக்கப்பட்டது' என்று மென்பொருளே சொன்னது. அந்த வாசகமும் என் தமிழாக்கம்தான். புறப்பட்ட வம்சத்துக்கே கோடு சுற்றித் திரும்பினால் அப்படிச் சொல்லும். மொழிபெயர்த்தபோதே இது என்ன என்று யோசித்திருக்க வேண்டும்.

அந்தக் கோடு இல்லாவிட்டால் டாக்டரும் எம்.எஸ்ஸும் தகப்பனுக்கு மட்டும் பிறந்தவர்களாகத் தொங்குவார்கள். வசந்தா கல்யாணமாகாத அக்கா மகளாக ஓரத்தில் நிற்பார். ஊரே கூடுகிற மேடையில் அப்படி ஒரு ஃப்ளெக்ஸ் நின்றால், தேவி சாவியை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தெய்வநாயகமே வந்து பூட்டிவிடுவார்.

யோஹானுக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் போட்டான். ஒரே பெண் ஒருவருக்கு அக்கா மகளாகவும் மனைவியாகவும் இருக்க முடியாதே, உங்கள் தகவலில் பிழை இருக்கலாம், சரிபாருங்கள் என்றான். எனக்கு வந்ததே கோபம். எங்கள் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது தாய்மாமனின் உரிமை, இதைக் கேள்வி கேட்க நீ யார், இத்தனை வருஷத்தில் எங்கள் ஊரில் ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை என்று தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் இறக்கி ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன்.

பாவம், பயந்துவிட்டான். இரண்டே நாளில் பீட்டா ஒன்பது வந்தது. இனி சுழல் இணைப்பை அழிக்காது, பக்கத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும் காட்டும் என்றான். அந்த எச்சரிக்கைக்கும் தமிழ் கேட்டான். 'இந்த இணைப்பு சரிதானா? உறுதி செய்யவும்' என்று ஒரு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன்.

தேவி ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் பீட்டாவை ஏற்றினேன். கோடு போட்டேன், நின்றது. அதன் மேல் ஒரு மஞ்சள் முக்கோணம், உள்ளே ஆச்சரியக்குறி, கீழே என் வாசகம். 'எச்சரிக்கைகளை மறை' என்பதை அழுத்தியதும் எல்லாம் மறைந்தது. கோப்பைப் பென் டிரைவில் ஏற்றி ஃப்ளெக்ஸ் அடிக்கிற இடத்துக்கு அனுப்பினேன். அடித்ததைச் சுருட்டி, தெய்வநாயகத்தின் ஆட்களே திருக்கனூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை கர்வம்.

வெள்ளிக்கிழமை காலையில், கல்யாணத்துக்குக் கிளம்பும்போது யோஹானின் கடிதத்தைப் பார்த்தேன். ஒன்பதில் ஒரு குறை தெரியவந்திருக்கிறதாம். மறைத்து வைத்த எச்சரிக்கைகள் திரையில் தெரியாது, அச்சில் வந்துவிடுமாம். சிரமத்துக்கு வருந்துகிறானாம்.

கடையிலிருந்து ஒரு வெள்ளை ஸ்டிக்கர் தாளை எடுத்துக்கொண்டு பைக்கை எடுத்தேன். பின்னால் பட்டுப் புடவையில் தேவி. போகிற வழியில் விஷயத்தைச் சொன்னேன். பத்துக்கண்ணு ஊரைத் தாண்டினோம். பிறகு, "சூடம் அடிச்சீங்க" என்றாள். அவ்வளவுதான்.

மண்டபத்தில் நுழையும்போதே தெரிந்தது. தெய்வநாயகத்துக்கும் வசந்தாவுக்கும் நடுவில், முறம் அளவுக்கு ஒரு மஞ்சள் முக்கோணம். அதன் கீழே கொட்டை எழுத்தில் நான் எழுதிய தமிழ். ஆனால் அங்கே யாரும் கோபப்படவில்லை. முக்கோணத்துக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அவனைக் கிண்டல் செய்து ஃப்ளெக்ஸ் வைப்பது வழக்கம். 'ஒரு சிங்கம் சிக்கிக்கொண்டது' என்று வைப்பார்கள், கண்ணீர் அஞ்சலி பாணியில்கூட வைப்பார்கள். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துவிட்டார்கள். தெய்வநாயகமே என் தோளைத் தட்டி, கனடாவில் இருந்தாலும் மகனுக்குக் குசும்பு குறையவில்லை என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போன உயிர் திரும்பி வந்தது.

அப்படியே விட்டிருப்பேன். தேவிதான் விடவில்லை. கிண்டலோ என்னவோ, உங்கள் தப்பை நீங்களே மறைத்துவிட்டு வாருங்கள் என்று தள்ளினாள். ஸ்டிக்கரோடு மேடைக்குப் பின்பக்கம் போனேன். அங்கே கூறைப் புடவையில் வசந்தா தனியாக நின்று ஃப்ளெக்ஸைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"தம்பி, இத யாரு கேக்கறது?"

உங்கள் மகன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"மிஷின்தாம்மா. அக்கா பொண்ணக் கட்றதுலாம் அதுக்குத் தெரியாது."

"சரின்னு சொன்னா?"

"கோடு இருக்கும்."

"இல்லன்னு சொன்னா?"

"எடுத்துடும்."

அவர் கண் அந்தக் கோட்டுக்குப் போனது.

"அன்னிக்கு எங்க அம்மா கேக்கல, அப்பா கேக்கல. மாமாவும் கேக்கல. முப்பத்தேழு வருஷம் கழிச்சு ஒரு மிஷினு கேக்குது" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கேள்வி கேட்க நீ யார் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பியவன் நான்தானே. ஸ்டிக்கரை உரித்துக்கொண்டே, மறைத்துவிடுகிறேன் அம்மா என்றேன்.

"அத வுடு. கேட்டுனு இருக்கட்டும்." அவர் விரல் தன் பெட்டிக்குப் போனது. 'பத்தாவது' என்ற இடத்தைக் காட்டினார். "இங்க ஒட்டு."

முதலாளி கோபித்துக்கொள்வார் என்று இழுத்தேன். அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நாற்காலி போட்டு ஏறி ஒட்டினேன். வெள்ளையாக விட்டுவிடலாம் என்று இறங்கப் போனால், பேனா இருக்கிறதா என்று கேட்டார். பையில் ஸ்கெட்ச் பேனா இருந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'பத்தாவது அரையாண்டு, கணக்கு 91'.

அதற்குள் நாதஸ்வரக்காரர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். வசந்தா போய் மணையில் உட்கார்ந்தார். தெய்வநாயகம் தாலியைக் கையில் எடுத்தார். வீடியோக்காரன் மேலே பார்க்கச் சொன்னான். பார்த்தவரின் கண் அந்த வெள்ளை ஸ்டிக்கரில் நின்றுவிட்டது. கெட்டிமேளம் கொட்டுகிறது, இவர் தாலியைப் பிடித்தபடி படித்துக்கொண்டிருக்கிறார்.

"தொண்ணூத்தி ஒண்ணா? எனக்குத் தெரியாதே" என்றார்.

"நீங்க கேக்கல மாமா."

குரல் உயரவில்லை. ஆனால் மைக் பக்கத்தில் இருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது. தெய்வநாயகம் தாலியைக் கட்டவில்லை. தலையைக் குனிந்து வசந்தாவின் காதுகிட்ட ஏதோ கேட்டார். அது மைக்கில் விழவில்லை. மேளக்காரர் கை வலிக்க இன்னொரு சுற்றுக் கொட்டினார். அப்புறம்தான் வசந்தா தலையசைத்தார், அவர் தாலியைக் கட்டினார்.

திங்கட்கிழமை பீட்டா பத்து வந்தது. வில்லியனூர் பயனர் ஒருவரின் நியாயமான கோபத்தை மதித்து, அந்த எச்சரிக்கையை அடியோடு எடுத்துவிட்டதாக யோஹான் எழுதியிருந்தான். இனி எந்தக் கல்யாணக் கோட்டையும் மென்பொருள் கேள்வி கேட்காதாம். திரையில் பெட்டி வந்து நின்றது: 'இப்போதே புதுப்பிக்கவா?' பின்னால் தேவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

'இல்லை' என்பதை அழுத்தினேன். ஒரு பீட்டாவுக்கு நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சூடத்துக்குப் பயந்து என்று தேவி நினைத்துக்கொண்டிருக்கிறாள். தினமும் கடை திறந்ததும் அந்தப் பெட்டி வந்து கேட்கிறது. தினமும் இல்லை என்கிறேன்.